பட்டனை அமுக்குனா ஜாக்கெட்டு வந்துருமா?

என்ன பாப்பா, மெஷின் வாங்கிட்டியாமே? தெருவே பேசிக்குது. கம்ப்யூட்டர் மெஷினாம். பட்டனை அமுக்குனா பூப் போடுமாம், எலை போடுமாம், ஒன் பேரைக்கூட எழுதுமாம். ஊசியில நூலும் அதுவே கோத்துக்குமாம். பலே! 200 தினுசு தையல் வரும்னு பொட்டி மேலயே போட்டிருக்கானாம். கெழவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அந்த 200-ல நேர்த்தையல் எத்தினி? ஒண்ணு. ஜாக்கெட்டு மூட்டறதுக்கு வேண்டியது எது? அந்த ஒண்ணுதான். மிச்சம் 199-க்கும் சேத்துக் காசு குடுத்திருக்கே. குடு, குடு. சம்பாதிக்கிற புள்ள, ஒனக்கென்ன.

கோவிச்சுக்காத. நான் கீழ்வேளூர்ப் பக்கம் கத்திரி புடிச்சு வயித்தக் கழுவுனவன். பொம்பளைங்க ஜாக்கெட்டு, பொட்டப்புள்ளைங்க பாவாடை சட்டை, பள்ளிக்கூடத்துப் பயலுவ அரைக்கால் சட்டை, பெருசுங்களுக்கு உள்பை வச்ச கை பனியன், எல்லாம் இந்தக் கையில மூட்டுனதுதான். இப்பக் கண்ணு சரியில்ல. ஊசியில நூல் ஏத்த பேத்தி வரணும். வாயி மட்டும் நல்லாருக்கு. அதான் பேசறேன்.

'வீட்டுலயே தைக்கறேன்னு கெளம்பிட்டா, தையக்காரன் பொழப்புல மண்ணு விழுதேன்னு கெழவன் எரியறான்'னு நெனைக்கறியா? அப்படி எரிஞ்சவனுவ வேற ஊர்ல இருந்தானுவ. பிரான்சு தேசத்துல திமோனியேன்னு ஒரு தையக்காரன். 1830-ல தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்குனான். பாரீசுல 80 மெஷினைப் போட்டு பட்டாளத்துக்காரனுக்கு உடுப்பு தைக்க ஆரம்பிச்சான். உள்ளூர்த் தையக்காரனுவ பாத்துக்கிட்டு இருப்பானுவளா? கூட்டமாப் போயி அத்தனையும் ஒடச்சுத் தள்ளிப்புட்டானுவ. பாவம், அந்த மனுசன் கடைசியில ஏழையாத்தான் செத்தான். எனக்கு அந்த ஆத்திரமெல்லாம் கெடையாது. நீ வீட்டுல தைச்சா எங்க ஆளுங்களுக்கு லாபந்தான். எப்படிங்கறியா? வெட்டி, கெடுத்து, கண்ணக் கசக்கிக்கிட்டு கடைசியில தையக்காரன் வாசலுக்குத்தானே வருவே? புதுசு தைக்கற கூலியவிட கெட்டதைச் சரி பண்ற கூலி சாஸ்தி.

நீ மெஷின் வாங்குன காரணமும் எனக்குத் தெரியும். தையக்காரன் ஏச்சுப்புட்டான். தீவாளிக்குக் குடுத்த துணி பொங்கலுக்கும் வரல. 'தைச்சு முடிச்சாச்சு, ஊக்கு மட்டும் வைக்கணும்'னு சொன்னான், நீயும் நம்பி வீட்டுக்குப் போனே. அந்த வார்த்தைய எந்தத் தையக்காரன் சொன்னாலும் துணிய இன்னும் பையிலேர்ந்து வெளிய எடுக்கலைன்னு தெரிஞ்சுக்க. அவனையும் குத்தஞ் சொல்லாத. வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, தீவாளி, பொங்கல், நடுவுல ஊர்ப்பட்ட கல்யாணம். இருக்கறது ரெண்டு காலு, மிதிக்கறது ஒரு மெஷினு.

மாசத் தவணையில வாங்குனியாமே? அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்காவுல சிங்கர்னு ஒருத்தன் 1851-ல காப்புரிமை வாங்கி மெஷின் விக்க வந்தான். வெலையக் கேட்டு சனம் பின்வாங்குச்சு. அந்தக் கம்பெனிக்காரன் யோசிச்சான். 'கொஞ்சம் இப்பக் குடு, மிச்சத்த மாசாமாசம் குடு'ன்னு 1850-கள்லயே கெளப்பிவிட்டுட்டான். நீ இன்னிக்குப் போனு வாங்கறதும் வண்டி வாங்கறதும் அந்த வழியிலதான். மெஷினு துணியத் தைச்சுதோ இல்லியோ, ஒலகத்தையே கடன்ல சேத்துத் தைச்சுப்புட்டுது.

அதுக்காக மெஷின் கெட்டதுன்னு சொல்லுவனா? மெஷினுன்னாலே மொகஞ் சுளிச்ச காந்தியே 1924-ல சிங்கர் மெஷினுக்கு விதிவிலக்கு குடுத்தாரு. கவருமெண்டு, கஷ்டப்படற பொம்பளைங்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல மெஷினு இலவசமாக் குடுக்குது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு வருசத்துக்கு 4 செட் சீருடை வருதே, அதை யாரு தைக்கறா? மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துப் பொம்பளைங்கதான். அவங்க மெஷின்ல பூவும் வராது, எலையும் வராது. முன்னுக்கு ஓடும், அவ்வளவுதான். அதுலதான் எத்தினியோ வீட்டுல ஒலை கொதிக்குது.

சரி, மெஷின் கெடக்கட்டும். கூட என்னென்ன வாங்குனே? வளைவு போட ஒரு ஸ்கேலு. துணிய வெட்டறதுக்கு சக்கரம் வச்ச கத்தி. குண்டூசி ஒட்டிக்க காந்தப் பொட்டி. தலையில்லாத ஒரு பொம்மை வேற கூடத்துல நிக்குது, ராத்திரி எழுந்து வந்த ஒன் தாத்தன் பயந்துட்டாராம். செல்போன வச்சுப் படம் புடிக்க மூணு காலு ஸ்டாண்டு. ஏன், தைக்கறத ஊருக்குக் காட்டணுமில்ல? இத்தனையும் இருக்குதே, ஜாக்கெட்டுத் துணி எங்கன்னு கேட்டா, 'இன்னும் வாங்கல தாத்தா'ங்கறே. நல்லாருக்குடியம்மா. மாடு வாங்கறதுக்கு முன்னாடி நெய்க்குப் பேரம் பேசுன கதைதான்.

துணிய வாங்கு. மொத ஜாக்கெட்டுக்குப் பட்டு வேண்டாம், வழுக்கும். ஷிப்பானைத் தொடாத, கண்ணீர் வுட வச்சுரும். ரூபியா துணி ஒரு மீட்டர் எடு. 80 சென்டிமீட்டர் போதும்னு கடைக்காரன் சொல்லுவான். கை நல்லாத் தேறுனவனுக்குப் போதும். ஒனக்குப் போதாது. எடுத்தாந்த துணிய நேரா மெஷின்ல கொண்டு வைக்காத. லைனிங்கு துணியையும் சேத்து ராவெல்லாம் தண்ணியில ஊறப் போடு. காலையில பிழியாம நெழல்ல காயப் போட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே பொட்டி போட்டு எடு. எதுக்கா? பருத்தி சுருங்கும். ரூபியா ஒரு அளவு சுருங்கும், லைனிங்கு வேற அளவு சுருங்கும். நனைக்காமத் தைச்சா, மொதத் தடவ தொவைச்ச அன்னிக்கே உள்துணி இழுத்து வெளித்துணி சுருக்கம் சுருக்கமா நிக்கும். 200 தையலும் சேந்து வந்தாலும் அதை நிமுத்த முடியாது.

நம்ம மண்ணு துணிக்குப் பேர்போன மண்ணு, தெரியுமா? 1690-லேர்ந்து 1781 வரைக்கும் சோழமண்டலக் கரைக்கே ஒல்லாந்துக்காரன் தலைமையிடம் நம்ம நாகப்பட்டினந்தான். இங்கேர்ந்து கப்பல்ல துணி சாவகத்துத் தீவுக்கெல்லாம் போச்சு. போனதெல்லாம் வெட்டித் தைச்ச சட்டையா? நெஞ்ச துணி. வாங்குனவன் இடுப்புல சுத்திக்குவான், தோள்ல போட்டுக்குவான். இந்தப் பக்கம் மாயவரத்துக் கூறைநாட்டுல நெஞ்ச கூறைப் புடவைய மணவறையில கட்டிக்கிட்டு எத்தினி தலைமுறைப் பொண்ணுங்க உக்காந்திருக்காங்க! தையக்காரனும் நேத்து மொளச்சவன் இல்ல. பூம்புகார்த் தெருவுல தையக்காரங்க இருந்தாங்கன்னு சிலப்பதிகாரத்துலயே இருக்கு. ஆனா எங்க அப்பாயி ரவிக்கையே போட்டவ இல்ல. சேலைய நாலு சுத்து சுத்தி வயக்காட்டுல எறங்குனா, பொழுது சாய நிமிருவா. சுத்துற துணிக்கு அளவு வேணாம் பாப்பா. துணியில கத்திரி பட்டுச்சோ, அப்பத்தான் அளவுங்கற தொல்லையே வருது.

நீ அளவெடுத்த லட்சணத்தப் பாத்தேனே! டேப்ப இடுப்புல சுத்திக்கிட்டு, வயித்த எக்கி, மூச்ச இழுத்துப் புடிச்சு, கண்ணாடி முன்னாடி நின்னே. 'ஹை, 28'ன்னு எழுதிக்கிட்டே. ஜாக்கெட்டு போட்டதுக்கப்பறம் மூச்சு வுட வேணாமா? பந்தியில உக்காந்து சாப்புட வேணாமா? டேப்புக்கு எதுக்கு லஞ்சம் குடுக்கறே, அது யார்கிட்டயும் போயிச் சொல்லாதே! சும்மா நில்லு. மூச்சு அது பாட்டுக்கு வந்து போகட்டும். டேப்புக்கும் ஒடம்புக்கும் நடுவுல ரெண்டு வெரலு தாராளமாப் போகணும். கை ரவுண்டு எடுக்கறப்ப முழங்கைய மடக்கிப் பாரு. பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நிக்கறவ நீ. கையத் தூக்குனா கம்கட்டுல புடிக்கற ஜாக்கெட்டு எத்தினி அழகா இருந்து என்ன?

அதவிட ஒரு சுருக்கு வழி இருக்கு. அளவு ஜாக்கெட்டு. கேள்விப்பட்டிருக்கியா? தையக்காரன்கிட்ட போற பொம்பளைங்க பையில புதுத் துணியோட பழைய ஜாக்கெட்டு ஒண்ணையும் சுருட்டிக் கொண்டாருவாங்க. நீ கூச்சப்பட்டுக்கிட்டு, 'டேப்புல எடுங்க, கரெக்டா எடுங்க'ம்பே. டேப்பு சொல்றது இன்னிக்கு நிக்கற ஒடம்பை. பழைய ஜாக்கெட்டு சொல்றது, குனிஞ்சு நிமிந்து, தண்ணி தூக்கி, புள்ள தூக்கி, ரெண்டு வருசம் வாழ்ந்த ஒடம்பை. அதை உள்பக்கம் வெளியாத் திருப்பிப் போடு. எந்த எடத்துல நூல் இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு பாரு. கம்கட்டுல நைஞ்சிருந்தா ஆர்ம்ஹோலு சின்னது. கடைசி ஊக்கு பிஞ்சு திரும்பத் தைச்சிருந்தா இடுப்பு பத்தல. தோள்ல சறுக்கி சறுக்கிப் பின்னு குத்துன ஓட்டை இருந்தா கழுத்து அகலம். வலது தோளுக்கும் எடது தோளுக்கும் நைவு ஒண்ணாவா இருக்கும்? இருக்காது. பைய எந்தத் தோள்ல மாட்டறான்னு ஜாக்கெட்டே காட்டிக் குடுத்துரும். இத்தனை வெவரத்தையும் ஓசியில சொல்ற ஒரு சாமானைத் தரை தொடைக்கப் போட்டுட்டு, நீ தலையில்லாத பொம்மைக்குக் காசு குடுத்து வந்திருக்கே.

காகிதத்துல வரைஞ்ச அளவ இன்டர்நெட்டுல வாங்கி, ஒட்டி, வெட்டி வச்சிருக்கேங்கறியா? சந்தோசம். அமெரிக்காவுல பட்டரிக்குன்னு ஒரு தையக்காரன் 1863-ல ஆரம்பிச்ச வேலை அது. அளவு அளவா காகிதத்துல வெட்டி வித்தான். நல்ல யோசனைதான், ஒலகமெல்லாம் பரவுச்சு. ஆனா நீ வாங்கியிருக்கற காகிதம் யாரு ஒடம்புக்குப் போட்டது? எந்த ஊர்க்காரி? தோள் எறக்கம் ஒனக்கு ஒத்து வருமா? மொதல்ல ஒன் தாத்தனோட கிழிஞ்ச வேட்டி ஒண்ணுல வெட்டி மூட்டிப் பாரு. சரியா வந்தா நல்ல துணியத் தொடு. வரலைன்னா வேட்டி அடுப்படிக்குப் புடிதுணியாப் போகட்டும். தாத்தன் திட்டுனா என் பேரச் சொல்லு.

ஒடம்ப நெனைக்காம வர்ற துணி எப்படி இருக்கும்னு இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வேணாம். 2004 டிசம்பர் 26, சுனாமி. இந்த ஜில்லாவுல மட்டும் 6,000 பேருக்கு மேல கடல் கொண்டு போச்சு. அடுத்த வாரமே தேசம் பூரா லாரி லாரியாத் துணி அனுப்புச்சு. நல்ல மனசுதான், நான் இல்லேங்கல. ஆனா கட்டிக் கழிச்ச துணி, கிழிஞ்ச துணி, நம்ம சனம் போடாத தினுசுத் துணியெல்லாம் சேந்துதானே வந்துச்சு? எல்லாத்தையும் எழந்து நின்னாலும் மீனவப் பொம்பளை அடுத்தவ கழிச்ச துணிய எடுத்து மாட்டிக்குவாளா? குமிஞ்சது ரோட்டோரமாக் கெடந்து மழையில நனைஞ்சுது. அப்பறம் டெல்லியிலேர்ந்து கூஞ்சுன்னு ஒரு அமைப்பு, அந்த மாதிரி வேணாம்னு தள்ளுன துணிய எடுத்துப் பிரிச்சு வேற வேற உபயோகத்துக்கு மாத்துச்சு. எங்க பக்கம் பல பொம்பளைங்க மெஷின் மிதிக்கக் கத்துக்கிட்டதும் அந்தக் கடலுக்கு அப்பறந்தான். இந்தப் பேச்சு போதும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீ கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. உள்ளாற எவ்வளவு துணி வுட்டே?

முழிக்கறே பாரு. போன மாசம் பொட்டிக்குல குடுத்துத் தைச்சியே ஒரு ஜாக்கெட்டு, டவுன்ல, கண்ணாடிக் கதவு போட்ட கடை. அதைக் கொண்டா, திருப்பு. பக்கத்துல தையலுக்கு அந்தாண்ட என்ன இருக்கு? கால் அங்குலம். அதையும் ஓவர்லாக்கு போட்டு நறுக்குன்னு வெட்டி விட்டிருக்கான். பாக்க என்னமோ சுத்தமாத்தான் இருக்கு. வெளிநாட்டு ஃபினிஷிங்குங்கறே. சரி, ரெண்டு கிலோ ஏறுனா என்ன பண்ணுவே? 'ஜிம்முக்குப் போவேன் தாத்தா'. ஒரு ஜாக்கெட்டுக்காக ஒடம்பைக் கரைக்கிற காலமாப் போச்சு.

ஒன் அம்மா பீரோவுல அடியில ஒரு பழைய ஜாக்கெட்டு இருக்கும். அதைத் திருப்பு. பக்கத்துல ஒண்ணரை அங்குலம் துணி உள்ளாற மடங்கி இருக்கும். அதுல வரிசையா மூணு தையல் ஓடியிருக்கும், ஒண்ணுக்கொண்ணு கால் அங்குலம் தள்ளி. உள்தையல் கல்யாணத்தப்போ போட்டது. அதுக்கு அடுத்தது நீ வயித்துல இருந்தப்பவோ பால் குடிச்சப்பவோ பிரிச்சு வுட்டது. மூணாவது, பிரிச்ச எடத்துல துணி புதுக்கலர்ல பளிச்சுன்னு நிக்கும் பாரு, வெயிலே படாத நெறம், அது இப்ப நாப்பது தாண்டுன ஒடம்புக்கு. ஒரே ஜாக்கெட்டு. மூணு ஒடம்பு. வெதநெல்லைப் பத்தாயத்துல ஒதுக்கி வச்ச மாதிரி உள்ளாற துணிய வச்சு மூட்டியிருக்கான் அந்தக் காலத்துத் தையக்காரன். அவனுக்கு ஃபினிஷிங்கு தெரியாதுன்னா நெனைக்கறே?

கூலி குடுக்கறப்ப எங்க ஊர்ப் பொம்பளைங்க கேக்கற மொதக் கேள்வியே அதுதான். 'உள்ளாற துணி வுட்டிருக்கியா? மிச்சத் துணி எங்க?' மிச்சத்துல கை துடைக்கற அளவு இருந்தாக்கூட சுருட்டிக் குடுத்துரணும், இல்லேன்னா கடைத்தெருவே கூடிரும். ஒட்டுப்போட, பைப்பிங்கு வைக்க, ஊக்குப் பட்டி கிழிஞ்சா மாத்த, எல்லாத்துக்கும் அதே நெறத்துத் துண்டு வேணுமில்ல? நீ என்ன பண்றே? மீந்த துண்டைக் குப்பையில போட்டுட்டு, துணி வீணாகறதப் பத்தி வீடியோ போடறே.

அதனால எழுதிக்க. கழுத்துக்குக் கால் அங்குலம், வளைவுல அங்கங்க நறுக்குக் குடு, இல்லேன்னா திரும்பாது. தோளுக்கும் ஆர்ம்ஹோலுக்கும் அரை அங்குலம். பக்கத்துக்கு ஒண்ணரை. கை ஓரத்துலயும் பக்கத்துக்கு விட்ட அதே அளவு விடணும். உடம்பைப் பிரிச்சு வுட்டுட்டு கையைப் பிரிக்க துணி இல்லேன்னா என்ன பிரயோசனம்? கீழ மடிப்புக்கு ஒரு அங்குலம். முன்பக்கத்த கிராஸுல வெட்டறதா இருந்தா துணி கூடப் புடிக்கும், அதுக்கும் சேத்துத்தான் ஒரு மீட்டர் வாங்கச் சொன்னேன். கிராஸு எதுக்குன்னு தெரியுமா? துணிய நீளப்போக்குல இழுத்துப் பாரு, அசையாது. மூலைக்கு மூலை இழு, நெகிழ்ந்து குடுக்கும். ஒடம்புக்கு வளைஞ்சு குடுக்கணும்னா அந்த மூலைப்போக்குதான் குடுக்கும். டாட்டு எங்க புடிக்கறதுன்னு மட்டும் கெழவன்கிட்ட கேக்காத. எங்க வீட்டுக் கெழவிகிட்ட கேளு. நுனிக்கு ஒரு அங்குலம் முன்னாடியே நிறுத்தணும்பா, கூட நாலு வசவும் சேத்து.

கை வெட்டறப்பத்தான் புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டுவாங்க. முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழமா எறங்கணும், பின்பக்கம் அவ்வளவு வேண்டாம். ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு ஒரே தடவையில வெட்டுவே, சாமர்த்தியந்தான். ஆனா துணிய நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பாக்க வச்சு மடிக்கணும். இல்லேன்னா ரெண்டும் வலது கைதான் கெடைக்கும். அப்பறம் எந்தக் கம்ப்யூட்டர் வந்து ஒனக்கு எடது கை தரும்?

இந்த ஊருக்குன்னு ஒரு வெவரம். இங்க காத்துல உப்பு இருக்கு. மழை மாசத்துல மெஷினை ஒரு வாரம் மூடாம வச்சா ஊசி துரு ஏறிப் போகும், பட்டுல புள்ளி புள்ளியாக் கறை குத்தும். வேலை முடிஞ்சதும் ஊசியக் கழட்டி எண்ணத்துணியில குத்தி வை. மெஷின் எண்ணெய்தான் போடணும். தேங்காயெண்ணெய் ஊத்துனவ ஒருத்தி இருந்தா, ரெண்டு மாசத்துல பிசின் கட்டி சக்கரமே சுத்தல. பருத்திக்கு 14 நம்பர் ஊசி, மெல்லிசுப் பட்டுக்கு 11, தடிப்புத் துணிக்கு 16. அடியில நூல் கூளமாச் சுத்திக்கிட்டா ஒடனே மெக்கானிக்குக்குப் போன் போடாத. மேல் நூலைக் கழட்டிட்டுத் திரும்பக் கோரு, முக்கால்வாசி அதுலயே சரியாயிரும். தானே கோத்துக்கற மெஷினு தப்பாவும் தானே கோத்துக்கும்.

ஆரி வேலைய நான் சொல்லாம இருந்தா நீ சும்மா வுட மாட்டே. சேலை வெலையவிட ஜாக்கெட்டு வெலை சாஸ்தியாப் போன காலம் இது. முதுகுல பானைக் கழுத்தாம், அதுக்கு ஒரு கயிறாம், கயித்துக்கு ரெண்டு குஞ்சலமாம், மணி மணியாக் கல்லு வேற. கல்யாணத்துல ஒரு நாள் போடுவே. நாற்காலியில சாஞ்சு உக்கார முடியாது, குத்தும். தொவைக்க முடியாது, உதிரும். ஒண்ணரை அங்குலம் உள்ள விட்டாலும் பிரிக்க முடியாது, கல்லு குறுக்க நிக்கும். மறு வருசம் அளவு பத்தாம பீரோவுக்குள்ள போயி நகையோட நகையா ஒக்காந்துக்கும். நகையாவது அடகுக்குப் போகும். இது எங்க போகும்? எவ்வளவு நாளாச்சு, எத்தினி பேரு உக்காந்து ஊசி குத்துனாங்கன்னு கேட்டா அந்தக் கை வேலைக்குக் கும்புடு போடலாம். வாங்கறவ யோசனையத்தான் சொல்றேன், போட்டவங்க வித்தையச் சொல்லல.

'அப்ப நான் தைக்கவே கூடாதா தாத்தா'ன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்காத. யாரு தைக்க வேணாம்னது? தைச்சுட்டே இரு. மொதல்ல பாவாடை, அப்பறம் தலகாணி உறை, அப்பறம் புள்ளைங்க சட்டை, அதுக்கப்பறம் ஜாக்கெட்டு. கோணலா ஓடுனா பிளேடை எடு, பிரி, பொட்டி போட்டுத் திரும்ப ஓட்டு. பிரிக்க வெக்கப்படறவளுக்குத்தான் தையல் வராது. எங்க தொழில்ல பாதி நாள் பிரிக்கறதுதான் வேலை. ஆம்பளைப் பயலுவ 'இது பொம்பளை வேலை'ம்பானுவ, அவனுவளையும் பக்கத்துல ஒக்கார வை. கடைத்தெருவுல காலம் பூரா மெஷின் மிதிச்சவன் யாருன்னு கேளு.

சம்பா அறுப்பு முடியட்டும். அதுவரைக்கும் களத்துல எனக்கு வேலை கெடக்கு. மாசி பொறந்ததும் ஒரு காலையில வா. பழைய ஜாக்கெட்டு ஒண்ணு, நனைச்சுக் காயவச்ச துணி ஒரு மீட்டர், ஒரு நல்ல கத்திரி, இது மூணு போதும். பொம்மையையும் கேமராவையும் வீட்டுலயே வச்சுட்டு வா. வெட்டுறது நீ, பாத்து வையறது நான். கூலி வேணாம், கும்மோணத்து வெத்தல ஒரு கவுளி, சீவலு ஒரு பொட்டலம் வாங்கியா. பல்லு போச்சு, அதனால சீவல் நைஸாப் பாத்து வாங்கு.